தம்பதி உறுப்பினர்

மழை தொடங்கிய ஒன்பதாம் நாள் பிரசவ அறையின் கூரை ஒழுக ஆரம்பித்தது. இருபத்தாறு வருடமாகப் பூட்டிக் கிடந்த அறை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்ல வெளியே வந்து, தடுப்பூசிக்காகக் காத்திருந்தவர்களின் செருப்பை நனைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

வீடும் கிளினிக்கும் ஒரே கட்டடம். நுழைந்ததும் வலது பக்க அறையில் டாக்டர் பார்ப்பார். இடது பக்க அறையில் அவர் மனைவி. நோயாளிகளுக்கு அவர் டாக்டரம்மா. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவார், எடை பார்ப்பார், சளிக்கு மருந்து எழுதுவார். அவர் அறையில் ஒரு குளிர்ப்பெட்டி இருக்கிறது. அதன் கதவில் ஒட்டிய தாளில் காலையும் மாலையும் உள்ளே எத்தனை டிகிரி என்று எழுதி வைப்பார். மின்சாரம் போனால் மருந்துக் குப்பிகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றுவார். அந்த மழையில் மின்சாரம் நாளுக்கு நான்கு முறை போனது.

டாக்டருக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு. 'தீர்மானம்.' நாற்பது வருடத்துக்கு முன் ஊரின் மருத்துவர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். முப்பது வருடம் அதன் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து குறிப்பை நீல மையில் எழுதிவிடுவார். வாக்கு எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டிருப்பார். கூட்டம் முடிந்ததும் அந்த இடத்தைக் கறுப்பு மையில் நிரப்புவார். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டிருப்பார். எதையும் கிழிக்கக் கூடாது. அடித்தால், அது யாரைப் பற்றிய வரியோ அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"இந்த வீட்ல முட்டை அவிக்கணும்னா ஒருத்தர் முன்மொழியணும், இன்னொருத்தர் வழிமொழியணும்" என்பார் சிஸ்டர். அங்கே முப்பத்தொரு வருடமாக வேலை செய்யும் நர்ஸ் அவர். "அதுக்குள்ள கோழியே செத்துப் போயிடும்."

சங்கத்துக்கு நாற்பது வயது ஆவதை ஒட்டி அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது என்று முடிவாகியிருந்தது. எழுதும் பொறுப்பு டாக்டருக்கு. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யும் பொறுப்பு மருமகளுக்கு. மருமகள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். மகன் கப்பலில் இருந்தான். மழைக்குப் பள்ளி விடுமுறை விட்டிருந்ததால் காலை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் இதே வேலை.

கூரை ஒழுகிய அன்று காலையும் அப்படித்தான்.

"எழுதும்மா. பன்னிரண்டு மருத்துவர்கள், ஒரு மாலை, ஒரு சாப்பாட்டு மேசை."

"இதே மேசையா மாமா?"

"இதேதான். அந்த ஓரத்துல ஒரு கீறல் இருக்கு பாரு, அது தோல் டாக்டர் போட்டது. விதி ஏழுக்குத்தான் அவ்வளவு சண்டை."

"விதி ஏழு என்ன?"

"தம்பதி உறுப்பினர் விதி. பன்னிரண்டு பேர்ல நானும் உங்க அத்தையும் ஒரே வீடு. ஒரு வீட்டுக்கு ரெண்டு ஓட்டான்னு தோல் டாக்டர் எழுந்து நின்னுட்டாரு. விட்டா வெளிய போயிருப்பாரு. அப்போ உங்க அத்தை சமையலறையில இருந்து காபித் தட்டோட வந்தா."

"டீ" என்றார் டாக்டரம்மா. வாசலில் நின்று பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"சரி, டீ. வந்து என்ன சொன்னா தெரியுமா? எங்களுக்கு ஒரு ஓட்டுப் போதும். எங்களுக்குள்ள என்ன ரெண்டு கருத்து வரப்போகுது, அவர் கை தூக்கினா நானும் தூக்கின மாதிரிதான். அவ்வளவுதான், எல்லாரும் சிரிச்சிட்டாங்க. விதி பாஸ். அதை அப்படியே குறிப்புல எழுதியிருக்கேன்."

"சின்ன வயசு. பேச்சு அப்படித்தான் வரும்" என்றார் டாக்டரம்மா. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மருமகள் தட்டச்சு செய்தாள். வருடம் வருடமாக வந்தது. கட்டடம் வாங்கிய வருடம். காய்ச்சல் பரவிய வருடம். பதினான்காம் வருடம் வந்தபோது டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணாவது புத்தகம் கரையான் அரிச்சுப் போச்சு. ஞாபகத்துல இருந்துதான் சொல்லணும். எழுது. அவ்வாண்டு நம் உறுப்பினர் ஒருவரின் மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் ஒரு தாய் இறந்தார். ஊர் கொந்தளித்தது. கண்ணாடிகள் உடைந்தன. அந்த உறுப்பினர் ஓராண்டு பிரசவம் பார்க்கக் கூடாது என்று சங்கம் முடிவெடுக்க நேர்ந்தது. அம்முடிவை இருவர் எதிர்த்தனர். செயலாளரும் அவர்களில் ஒருவர்."

மருமகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த உறுப்பினர் யார் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் மாதமே கணவன் சொல்லியிருந்தான்.

டாக்டரம்மா பட்டாணித் தட்டை மேசையில் வைத்தார். "இருவர்னு மொட்டையாப் போடாதீங்க. தோல் டாக்டரையும் சொல்லுங்க. அவர் போயிட்டாரு, பேரன் பேத்தியாவது படிக்கட்டும்."

"பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

பத்தரைக்கு அவர் குடையை எடுத்துக்கொண்டு சங்கக் கட்டடத்துக்குக் கிளம்பினார். பதினொன்றுக்குக் கதவடியில் தண்ணீர் வந்தது.

"சாவி அவர் மேசை டிராயர்ல இருக்கும். அதையும் பூட்டிட்டுப் போயிருப்பாரு" என்றார் டாக்டரம்மா. ஒரு குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை, உதட்டை மட்டும் பிதுக்கியிருந்தது.

"என் கொத்துல ஒன்னு இருக்கு" என்றார் சிஸ்டர். "யாரும் திருப்பிக் கேக்கல, நானும் குடுக்கல."

டாக்டரம்மா ஊசியைப் போட்டார். குழந்தை அழுதது. "நான் வரல. நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கோங்க" என்றார்.

சிஸ்டரும் மருமகளும் கதவைத் திறந்தார்கள். பூட்டு எண்ணெய் போட்டதுபோல உடனே திறந்தது. உள்ளே பழைய டெட்டாலும் ஈரச் சுவரும் கலந்த வாசனை. பிரசவ மேசை மேல் பச்சைத் துணி. அதன் மேல் சொட்டிய தண்ணீர் மேசையின் கால்மாட்டில் இருந்த தட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு இங்கதான் நின்னேன்" என்றார் சிஸ்டர். வாளியை நகர்த்தி வைத்தார். "குழந்தை நல்லாப் பிறந்துச்சு. ரெண்டே முக்கால் கிலோ. அப்புறம் கருப்பை சுருங்கல. உங்க அத்தை ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வயித்து மேலயும் வச்சு அழுத்திக்கிட்டே நின்னாங்க. ரத்தம் கேட்டு ஆள் போயாச்சு, ரத்தம் வரல. ரெண்டு மணி நேரம் கையை எடுக்கல டீச்சர். அப்புறம் அந்தக் கையால ஒரு வாரம் கரண்டி பிடிக்க முடியல அவங்களுக்கு."

"யாராவது உங்களை விசாரிச்சாங்களா?"

"மூணு டாக்டருங்க வந்தாங்க. இதைத்தான் சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு நர்ஸுகிட்ட யாரு சொல்லப் போறா?"

துணிகளை வாரி வெளியே போட்டார்கள். தரையைத் துடைத்தார்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் துணிகளைக் கொதிநீராவியில் வைக்கும் உருண்டை எஃகு டிரம் ஒன்று இருந்தது. தண்ணீர் அதன் அடியை எட்டியிருந்தது. சிஸ்டர் தூக்கிப் பார்த்தார்.

"காலி டிரம் இவ்வளவு கனக்காதே."

மூடியைத் திறந்தார். உள்ளே பாலிதீன் தாளில் சுற்றிய ஒரு தடித்த புத்தகம். மேலே நீல மையில், டாக்டரின் நேரான எழுத்தில்: 'கூட்ட நடவடிக்கைகள். புத்தகம் மூன்று.'

மருமகளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கரையான் தின்றதாக நினைத்தது முழுசாகக் கிடைத்துவிட்டது. மாமா எங்கேயோ வைத்து மறந்துவிட்டார் என்று நினைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அத்தையின் அறைக்கு ஓடினாள்.

"அத்தை, மூணாவது புத்தகம் கிடைச்சிருச்சு."

கடைசிக் குழந்தை போய்விட்டிருந்தது. மின்சாரமும் போயிருந்தது. டாக்டரம்மா குளிர்ப்பெட்டிக்கு முன் உட்கார்ந்து குப்பிகளை ஒவ்வொன்றாக ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க இருந்துச்சு?"

"பிரசவ ரூம்ல. டிரம்முக்குள்ள."

அவர் கை ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது. "பதினாலாம் வருஷக் கூட்டத்தை எடு. படி. என் கை ஈரமா இருக்கு."

"இப்பவா அத்தை?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சு. அவரும் தோல் டாக்டரும் என்ன சொல்லி எதிர்த்தாங்கன்னு ஒரு தடவை காதால கேட்டுக்கிறேன். அவர் விவரமாச் சொன்னதே இல்ல. கேட்டா சங்கடப்படுவாருன்னு நானும் கேட்டதில்ல."

மருமகள் பக்கத்தைத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்று படித்தாள். வகுப்பில் படிப்பதுபோலத் தெளிவான குரல் அவளுக்கு.

"பொருள் ஒன்று. விசாரணைக் குழுவின் அறிக்கை. மூவர் குழு செவிலியரையும் இறந்தவரின் கணவரையும் விசாரித்தது. சிகிச்சைக் குறிப்புகளைப் பார்வையிட்டது. சிகிச்சையில் குறை எதுவும் காணப்படவில்லை. ரத்தம் வந்து சேர இரண்டு மணி பத்து நிமிடம் ஆனதே மரணத்துக்குக் காரணம். மருத்துவர் செய்யக்கூடியது அனைத்தையும் செய்தார் என்று குழு ஒருமித்துக் கருதுகிறது."

"நிறுத்து." டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "குறை எதுவும்?"

"காணப்படவில்லை, அத்தை."

"அறிக்கையில அப்படியா இருக்கு?"

"அப்படித்தான் இருக்கு."

சிஸ்டர் வாளியோடு வாசலில் வந்து நின்றார்.

"மேல படி."

"பொருள் இரண்டு. ஊரில் நிலவும் கொந்தளிப்பையும் சங்கத்தின் நலனையும் கருதி, மேற்படி உறுப்பினர் ஓராண்டு பிரசவம் பார்ப்பதில்லை என்றும், அறிக்கையை வெளியிடுவதில்லை என்றும், உறுப்பினருக்கும் அதைத் தருவதில்லை என்றும் தீர்மானிக்கப்பட்டது."

கீழே பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஒரு சொல். மருமகளின் குரல் தாழ்ந்தது. எலும்பு டாக்டர், ஆதரவு. கண் டாக்டர், ஆதரவு. தோல் டாக்டர், ஆதரவு.

"தோல் டாக்டரா?"

"ஆமா அத்தை."

"அவர் சம்சாரம் கடைசியாப் படுத்தப்போ நாலு மாசம் போய்ப் பார்த்தேன்" என்றார் டாக்டரம்மா, ஏதோ கணக்கைச் சரிபார்ப்பதுபோல. "படி."

மருமகள் படிக்கவில்லை.

"நீ படிக்கலேன்னா நான் கையைக் கழுவிட்டு வந்து படிப்பேன். அவ்வளவுதானே."

"தம்பதி உறுப்பினர், ஆதரவு" என்று படித்தாள். "மொத்த வாக்கு பதினொன்று. ஆதரவு பதினொன்று. எதிர்ப்பு இல்லை. ஏகமனதாக நிறைவேறியது."

வெளியே மழை ஒரே அளவில் பெய்துகொண்டிருந்தது.

"எண்ணிக்கை என்ன மையில இருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மருமகள் பார்த்தாள். முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள். எல்லாப் பக்கத்திலும் வரிகள் நீலம், எண்கள் கறுப்பு. இந்தப் பக்கத்தில் மட்டும் எல்லாம் நீலம்.

"நீலம் அத்தை."

டாக்டரம்மா கடைசிக் குப்பியை வைத்து ஐஸ் பெட்டியை மூடினார். வெப்பமானியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தார். தாளில் 'ஆறு' என்று எழுதி நேரத்தையும் குறித்தார்.

"சிஸ்டர்" என்றார். "அந்த ரூம் ஜன்னலைத் திறந்து வைங்க. காத்து போகட்டும்."

டாக்டர் திரும்பி வரும்போது மணி நாலரை. குடையை வாசலில் விரித்து வைத்தார். காலைத் துடைத்தார். சாப்பாட்டு மேசையில் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை காலைத் துடைத்தார்.

மருமகள் எழுந்து போகப் பார்த்தாள். "இரு" என்றார் டாக்டரம்மா. "இந்த வீட்ல சாட்சி இல்லாம நிறைய நடந்திருக்கு." டாக்டருக்கு டீயும் இரண்டு ரொட்டித் துண்டும் வைத்தார். எப்போதும்போல ஒன்றுக்கு மட்டும் வெண்ணெய் தடவியிருந்தது.

"கரையான் அரிக்கல" என்றார்.

"இல்ல."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"பக்க எண் போட்டது. கிழிக்க முடியல."

"கிழிக்கணும்னு நெனச்சீங்க."

"நெனச்சேன்."

"பிரசவ ரூம்ல ஏன் வச்சீங்க?"

டாக்டர் டீயைத் தொடவில்லை. "நீ போகாத இடம் அது ஒன்னுதான்."

டாக்டரம்மா தலையாட்டினார். அந்தப் பதிலில் ஒரு தவறும் இல்லை என்பதுபோல.

"நிலைமை உனக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "நம்ம கண்ணாடி மட்டும் உடையல. எல்லார் கிளினிக் கண்ணாடியும் உடைஞ்சுது. ரெண்டு பேர் சங்கத்தை விட்டே போறோம்னாங்க. ஒருத்தர் எதிர்த்தாலும் வெளிய தெரியும், ஊர் அதைப் பிடிச்சுக்கும்னு சொன்னாங்க. ஒரே குரல்ல சொன்னாத்தான் அடங்கும். ஒரு வருஷம்தானே. அப்புறம் நீ மறுபடி பார்க்கப் போறேன்னு நெனச்சேன்."

"அறிக்கையை ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா நீ சண்டைக்குப் போயிருப்ப."

"போயிருப்பேன்."

"சங்கம் உடைஞ்சிருக்கும்."

"உடைஞ்சிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "ஒரு வருஷம் முடிஞ்சதும் மேசையைத் துடைச்சு வைன்னு நான் சிஸ்டர்கிட்ட சொன்னேன். ஞாபகம் இருக்கா? நீங்க வந்து, எதுக்கும்மா இந்த ரிஸ்க், விட்டுடுன்னு சொன்னீங்க. என் மேல இருக்கற அக்கறைன்னு நெனச்சேன். அப்புறம் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அவ்வளவு பேர் குறைன்னு சொன்னா என் கையில ஏதோ குறை இருக்கத்தான் செய்யும்னு. ஆனா தினமும் என் கையைப் பார்க்கிற ஆளு நம்பறாரேன்னு ஒரு தைரியம். அந்தத் தைரியத்துலதான் ஊசியாவது போட்டேன்."

"நான் நம்பினேன்."

"என் கை மேல தப்பில்லன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் கை தூக்கினீங்க."

டாக்டர் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கை தூக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டீங்க. எண்ணிக்கை எல்லாம் நீல மையில இருக்கு. அன்னைக்கு இந்த மேசையில, அந்த நாற்காலியில உக்காந்து எழுதினீங்க. வெளிச்சம் பத்தலன்னு விளக்கை நான்தான் நகர்த்தி வச்சேன். பக்கத்துல உக்காந்து ஆப்பிள் நறுக்கித் தட்டுல வச்சேன். நீங்க ஒவ்வொன்னா எடுத்துத் தின்னுக்கிட்டே எழுதினீங்க." அவர் குரல் உயரவில்லை. "அதுவும் உங்க ஓட்டு இல்ல. நம்ம ஓட்டு. பாதி என்னோடது. என்னைத் தள்ளி வைக்க நானே கை தூக்கியிருக்கேன்."

ரொட்டியின் ஓரங்கள் காற்றில் காய்ந்து வளைய ஆரம்பித்திருந்தன.

"புத்தகத்துல போடறேன்" என்றார் டாக்டர் கடைசியில். "அறிக்கையை முழுசாப் போடறேன். யார் எப்படிக் கை தூக்கினாங்கன்னும் போடறேன். என்னையும் சேர்த்து."

"போடுங்க" என்றார் டாக்டரம்மா. "எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

மறுநாள் காலை டாக்டர் சொல்ல, மருமகள் அந்தப் பகுதியைத் தட்டச்சு செய்தாள். அறிக்கையை எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டாள். அச்சடித்த தாளை அத்தையிடம் கொடுத்தாள். டாக்டரம்மா படித்துவிட்டு ஒரு இடத்தில் நேரத்தைத் திருத்தினார். பிறகு பிரசவ அறைக்குள் போனார். சிஸ்டரும் அவரும் பழைய மேசையை ஓரமாகத் தள்ளினார்கள். எடை பார்க்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே வைத்தார்கள். இடது பக்க அறையில் எப்போதும் நெரிசல். இங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது.

"இனிமே இங்கயே பார்க்கலாம்மா" என்றார் சிஸ்டர். "ஒரு தீர்மானம் போட்டுடலாமா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். புத்தகம் கிடைத்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

ஒரு வாரம் கழித்துக் காது டாக்டர் வந்தார். இப்போதைய செயலாளர் அவர்தான். ஐம்பது வயது. குறிப்பு எழுத டாக்டரிடம் பழகியவர். டாக்டர் இல்லாத நேரத்தில் வந்தார், தடுப்பூசி வரிசை கலைந்த பிறகு. கையில் வரலாற்றின் முழு வரைவு. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் அங்கீகாரம் வாங்கிவிட்டால் அச்சுக்குப் போய்விடும்.

"மேடம், எல்லா உறுப்பினருக்கும் ஒரு பிரதி. தம்பதிக்கு ஒன்னுதான், விதி அப்படி" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

டாக்டரம்மா நின்றபடியே புரட்டினார். பதிமூன்றாம் வருடம், நூலகம் திறந்தது. அடுத்த பத்தி பதினைந்தாம் வருடம், ஆம்புலன்ஸ் வாங்கியது.

"பதினாலு எங்க?"

காது டாக்டர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார். "சார்தான் எடுத்துட்டாரு மேடம். நானும் முதல்ல பார்த்தப்போ இருந்துச்சு. விழா நேரத்துல பழசைக் கிளற வேண்டாம், அந்த எலும்பு டாக்டர் குடும்பமெல்லாம் இன்னும் சங்கத்துல இருக்காங்க, மனசு கஷ்டப்படும்னாரு. உங்களுக்கும் அதான் விருப்பம்னாரு."

"எனக்கும்."

"ஆமா மேடம். வீட்ல பேசியாச்சு, ஒரே கருத்துன்னாரு."

டாக்டரம்மா பிரதியை மூடி அவரிடம் திருப்பிக் கொடுத்தார். "ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு?"

"பத்து. நீங்க வர்றீங்களா? நீங்க வந்து வருஷக்கணக்காச்சே."

"வர்றேன்."

காது டாக்டர் போன பிறகு மருமகள் கேட்டாள். "மாமாகிட்ட கேக்கலையா அத்தை?"

"கேட்டா இன்னொரு வாக்கு குடுப்பாரு" என்றார் டாக்டரம்மா. "அவருக்கும் சிரமம்."

ஞாயிறன்று மழை விட்டிருந்தது. சங்கக் கட்டடத்தின் மாடி ஹாலில் அறுபது நாற்காலி. பின்வரிசைக்கும் பின்னால் பார்வையாளர் பெஞ்சில் மருமகளும் சிஸ்டரும். மனைவியும் வருகிறார் என்று தெரிந்ததும் டாக்டர் காரை மெதுவாக ஓட்டினார். வழியில் ஒருமுறை மட்டும், "இன்னைக்கு எல்லாரும் இருப்பாங்க" என்றார். "இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

முதல் வரிசையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வருகைப் பதிவேட்டில் தம்பதி உறுப்பினர் என்ற வரிக்கு நேராக டாக்டர் கையெழுத்துப் போட்டார். அந்த வரியில் ஒரு கையெழுத்துக்குத்தான் இடம்.

காது டாக்டர் எழுந்து வரலாற்றைப் பற்றி நான்கு வார்த்தை பேசினார். நாற்பது வருட உழைப்பு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"வரைவை அங்கீகரிப்பவர்கள் கை உயர்த்தலாம்."

முதலில் உயர்ந்தது டாக்டரின் கை. எப்போதும் அவர் கைதான் முதலில் உயரும். பிறகு ஹால் முழுக்கக் கைகள். காது டாக்டர் எண்ண ஆரம்பிக்கவில்லை. எண்ண வேண்டிய தேவை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம். எங்க வீட்டுக்கு ஒரு ஓட்டு. இவர் கை தூக்கியிருக்காரு. நான் எதிர்க்கிறேன். இதை எப்படி எண்ணுவீங்க?"

சிலர் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அவர் உட்காரவில்லை என்றதும் சிரிப்பு நின்றது.

"மேடம், அது, வீட்ல ஒரே கருத்துன்னு..."

"அதை நான்தான் சொன்னேன். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி, டீத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு. அது உங்க வரலாற்றுல முதல் பக்கத்துல இருக்கு. பதினாலாம் வருஷம் என் விஷயத்துல மூணு பேர் விசாரிச்சு, குறை இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. அது எந்தப் பக்கத்துலயும் இல்ல. போன வாரம் வரைக்கும் எனக்கே தெரியாது. மூணாவது புத்தகம் இங்க இருக்கு." பையிலிருந்து எடுத்துக் காது டாக்டரின் மேசையில் வைத்தார். "அந்தப் பக்கத்துல அடையாளத்துக்கு ஒரு தாள் வச்சிருக்கேன். படிக்க விரும்பறவங்க படிக்கலாம்."

ஹாலில் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்றாவது வரிசையில் குழந்தைகள் டாக்டரான ஒரு இளம்பெண் பக்கத்திலிருந்த தன் கணவனின் உயர்ந்த கையைப் பார்த்தாள். அவன் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

காது டாக்டர் டாக்டரைப் பார்த்தார். சந்தேகம் வந்தால் எல்லோரும் பார்ப்பது அவரைத்தான். "சார், இதுக்கு விதி என்ன சொல்லுது? எப்படி எழுதறது?"

டாக்டர் வாயைத் திறந்தார். விதி ஏழு அவருக்கு மனப்பாடம். அதில் இதற்கு வழி இல்லை. அதை எழுதியவரும் அவர்தான்.

"அவரைக் கேக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. "அவர்கிட்டப் பழகினவர் நீங்க. வீட்லயே குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருப்பீங்க. கடைசி வரியில ஏகமனதாகன்னு இருக்கும். இருக்கா இல்லையா?"

காது டாக்டர் புத்தகத்தைப் பார்த்தார். 

"அந்த வார்த்தையை அடிச்சிடுங்க."

பேனா தாளின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரு கோடு போடும் சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டது.

"அடிச்சா பக்கத்துல கையெழுத்து வேணும்" என்றார் காது டாக்டர்.  "அது யாரைப் பத்தினதோ, அந்த உறுப்பினர்."

டாக்டர் பழக்கத்தில் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். டாக்டரம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனார். குனிந்து, நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சங்கத்தின் ஒன்பது புத்தகங்களிலும் அவர் கையெழுத்து அதற்கு முன் எங்கேயும் இல்லை.

பேனாவை மூடி மேசையிலேயே வைத்தார். கணவனிடம் திருப்பித் தரவில்லை.

"வாங்க சிஸ்டர்" என்றார். "பன்னிரண்டு மணிக்கு மூணு குழந்தைங்க வருது."

மருமகள் எழுந்து பின்னால் போனாள். கதவருகில் திரும்பிப் பார்த்தாள். முதல் வரிசையில் மாமா இன்னும் நின்றுகொண்டிருந்தார், பேனா பிடித்திருந்த விரல்களை அப்படியே மடக்கி வைத்தபடி.